பழைய மருந்தும் புதிய நோயும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் இரவு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து என் அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். வழக்கமாக அவர்கள் முதலிற் கேட்பது, “சாப்பிட்டாயா?” என்பதே. அன்று அதைக் கேட்கவில்லை.

“மண்ணார்க்காட்டுப் பக்கம் நிபாக் காய்ச்சல் வந்திருக்கிறதாம். நீ மருந்துப் படிப்புத்தானே படிக்கிறாய்? அதற்கு மருந்து இருக்கிறதா, இல்லையா? ஒரே சொல்லாகச் சொல்லு” என்றார்கள்.

ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. “இருக்கிறது” என்றால் அது முழு உண்மையன்று. “இல்லை” என்றாலும் அது முழு உண்மையன்று. தடுமாறினேன். மருந்தியலில் முதுகலை பயிலும் மாணவன், தன் தாய் கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்றேன் என்பதை நம் மன்றத் தோழர்கள்முன் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில் உள்ளது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. என் அம்மா பிறந்ததோ இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில். ஆதலின் பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் எனக்குத் தந்தை வழியும் தாய் வழியும் ஆகும். புதிய நோய்க்குப் பழைய மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முயற்சியின் கதையில் இவ்விரண்டு எல்லைகளும் வருகின்றன. முதலில் மலையேறுவோம்.

மூணாற்று நிகழ்ச்சி

2020ஆம் ஆண்டு மார்ச்சு 15, ஞாயிற்றுக்கிழமை. கொச்சி விமான நிலையத்தில் துபாய்க்குப் புறப்பட இருந்த விமானம் நிறுத்தப்பட்டது. மூணாற்றில் தங்கியிருந்த பிரிட்டிஷ் சுற்றுலாக் குழுவினர் அதில் ஏறியிருந்தனர். அவர்களுள் 57 வயதுடைய ஒருவருக்குக் கொரோனா நோய் இருப்பது சோதனையில் தெரிந்தமையால் அவர்களை இறக்கினார்கள். அவர் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். நுரையீரல் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தது.

அப்பொழுது அந்நோய்க்கென்று மருந்து எதுவும் கிடையாது. மருத்துவர்கள் உரிய அனுமதி பெற்று, எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுக்கும் லோபினாவிர், ரிட்டோனாவிர் என்னும் மருந்துகளை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

இச்செய்தி தோட்டத்துக் குடியிருப்புகளிற் காட்டுத் தீயெனப் பரவிற்று. அந்தக் குழுவினர் நடந்த தெருவில் நடந்தவர்கள் அங்குள்ள மக்கள். அச்சம் இயல்பேயன்றோ? தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தாய்மாமன் எனக்குத் தொலைபேசி செய்தார். “மாப்ளே, அந்த வெள்ளைக்காரர் சாப்பிட்ட மாத்திரைக்குப் பேரு என்ன? போடியிலே, தேனியிலே கிடைக்குமா? எழுதி அனுப்புடா” என்றார்.

நான் அப்பொழுது பள்ளி இறுதி வகுப்பு மாணவன். செய்தித்தாளைப் பார்த்து அந்த இரு பெயர்களையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன். பெரிய உதவி செய்துவிட்டதாக மகிழ்ந்தேன். நல்ல வேளையாக அம்மருந்து மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், அன்றாடம் அதனை உண்டே உயிர் வாழும் ஓர் எய்ட்ஸ் நோயாளியின் பங்கையன்றோ அவர் வாங்கி வைத்திருப்பார்! அந்நோயாளிகள் மருந்தை இடையில் விட்டால், கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக் கூடும் என்பதை நான் பின்னர்தான் கற்றேன்.

பழைய மருந்தை ஏன் தேடுகிறோம்?

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்து, விலங்குகளிடத்தும் மனிதரிடத்தும் சோதித்து, கடைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். நோயோ பத்து நாளிற் கொன்றுவிடுகிறது. பழைய மருந்துக்கு மூன்று நன்மைகள் உண்டு. எவ்வளவு கொடுக்கலாம் என்னும் அளவு தெரியும். என்ன தீங்கு செய்யும் என்பது தெரியும். செய்யும் தொழிற்சாலையும் இருக்கிறது. இம்மூன்றினாலும் ஆண்டுகள் பல மிச்சமாகின்றன.

இம்முறை வென்றதும் உண்டு. சிடோவுடின் என்னும் பொருள் 1964இல் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. அதற்குப் பயன்படவில்லையென்று ஒதுக்கி வைத்தார்கள். 1981இல் எய்ட்ஸ் நோய் உலகுக்குத் தெரிய வந்தது. நம் நாட்டில் அக்கிருமி இருப்பதை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில், ஒதுக்கப்பட்ட அந்தப் பழைய பொருளை எய்ட்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து பெற்ற 145 பேரில் ஒருவர் இறந்தார். வெறும் மாத்திரை பெற்ற 137 பேரில் 19 பேர் இறந்தனர். வேற்றுமை பளிச்செனத் தெரிந்தமையால் சோதனையை இடையிலேயே நிறுத்தி, எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987இல் அது முதல் எய்ட்ஸ் மருந்தாக ஏற்கப்பட்டது.

தோழர்களே, இந்த இரு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 145க்கு ஒன்று, 137க்குப் பத்தொன்பது. மெய்ப்பிக்கப்பட்ட மருந்து என்றால் இப்படி இருக்கும். இவ்வகை எண் இல்லாதவரை நம்மிடம் இருப்பது நம்பிக்கை; மருந்து அன்று.

ஏடெழுதுவோனும் கத்தரியும்

ஒரு வைரஸுக்காகச் செய்த மருந்து மற்றொரு வைரஸை எங்ஙனம் தாக்கும்? இதனை விளங்கிக்கொள்ள நம் பழைய ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள்.

வைரஸ் என்பது ஒரு சிறு சுவடி. நிபா, கொரோனா ஆகியவற்றின் சுவடி ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அது நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும், தன்னைப் படியெடுக்கும் ஏடெழுதுவோன் ஒருவனை அங்கே உண்டாக்குகிறது. அவன் ஓய்வின்றிப் படியெடுக்கிறான். ஓர் ஏடு ஆயிரமாகிறது.

அந்த ஏடெழுதுவோனிடம், உண்மை எழுத்தைப் போலவே தோன்றும் பொய்யெழுத்து ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவன் அறியாமல் அதை எழுதிவிடுவான். ஏடு பிழைபட்டுப் போகும்; அல்லது எழுத்தாணி முட்டி நின்றுவிடும். 1970ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட ரிபாவிரின், பிற்காலத்து ரெம்டெசிவிர், ஜப்பானில் இன்புளுயன்சாவுக்காகச் செய்த பேவிபிராவிர் ஆகிய மூன்றும் இவ்வகைப் பொய்யெழுத்துகளே. வெவ்வேறு வைரஸ்களின் ஏடெழுதுவோர் ஓரளவு ஒரே சாயலுடையவர்கள். ஆதலால் ஒருவனை ஏமாற்றிய எழுத்து மற்றவனையும் ஏமாற்றலாம் என எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

லோபினாவிரின் வழி வேறு. சில வைரஸ்கள் தமக்கு வேண்டிய புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து, பின்னர் ஒரு கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கின்றன. எய்ட்ஸ் வைரஸின் கத்தரியில் இடையே சிக்கிக்கொண்டு அதனை மூடவிடாமற் செய்வது லோபினாவிர். ரிட்டோனாவிர் அதன் துணைவன். ஈரல் அம்மருந்தை விரைவிற் சிதைத்துவிடாமற் காப்பது அதன் வேலை. கொரோனாவுக்கும் கத்தரி உண்டு. ஆயினும் அது வேறு வகைக் கத்தரி. வேறு கொல்லன் அடித்தது. சோதனைக் குழாயில் அதனை மந்தப்படுத்துமளவு மருந்து, நோயாளியின் உடலில் தேறவில்லை.

இங்கே ஒரு பாடம் உண்டு. சோதனைக் குழாயில் வைரஸைக் கொல்வது எளிது. நோயாளியின் உடலில், அவர் தாங்கக்கூடிய அளவில், உரிய உறுப்பில், உரிய நாளில் கொல்ல வேண்டும். அரிது அதுவே.

காக்கையும் பனம்பழமும்

மூணாற்றிலிருந்து வந்தவர் மருந்துண்டார், பிழைத்தார். எனவே மருந்தினாற் பிழைத்தார் என்று மாமாவும் நானும் முடிவு கட்டினோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். காக்கை உட்காராத மரத்திலும் பழம் விழுகிறதா என்று பார்த்தோமில்லை.

அப்படிப் பார்ப்பதற்கு வழி ஒன்றுதான். ஒரே நிலையில் உள்ள நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப் போல் இரு கூறாக்க வேண்டும். மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ அதில் நுழையக் கூடாது. ஒரு கூற்றாருக்கு வழக்கமான மருத்துவத்தோடு இம்மருந்தும், மற்றவருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் கொடுத்து, எத்தனை பேர் பிழைக்கின்றனர் என்று எண்ண வேண்டும்.

சீனத்து ஊகான் நகரில் 199 நோயாளிகளிடம் லோபினாவிர் கூட்டு மருந்தைச் சோதித்த முடிவு 2020 மார்ச்சு 18இல் வெளிவந்தது. கொச்சியில் விமானம் நிறுத்தப்பட்ட மூன்றாம் நாள் அது. பயன் தெரியவில்லை என்பதே முடிவு. பின்னர் இங்கிலாந்தில் ‘ரெக்கவரி’ என்னும் பெருஞ்சோதனை நடந்தது. லோபினாவிர் பெற்ற 1,616 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 23. பெறாத 3,424 பேரில் இறந்தவர் நூற்றுக்கு 22. காக்கை உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் பழம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சி குளோரோகுயினின் கதையும் இதுவே. பலர் அதனை வாங்கிக் குவித்தனர். அதனை நாள்தோறும் உண்ண வேண்டிய மூட்டுவாத நோயாளிகள் கடை கடையாய் அலைந்தனர். ‘ரெக்கவரி’ சோதனையிலோ அது பெற்றவருள் நூற்றுக்கு 27 பேரும், பெறாதவருள் நூற்றுக்கு 25 பேரும் இறந்தனர்.

அதே சோதனையில் வென்ற பழைய மருந்து எது தெரியுமா? டெக்சாமெத்தசோன். அது வைரஸைத் தொடுவதே இல்லை. வைரஸைக் கண்டு அளவுக்கு மீறிக் கொதிக்கும் நம் உடலின் வீக்கத்தை அடக்குகிறது. மூச்சுக் கருவியில் இருந்தவர்களுள், அது பெறாதவர் நூற்றுக்கு 41 பேர் இறக்க, பெற்றவர் 29 பேரே இறந்தனர். சில ரூபாய் விலையுள்ள மருந்து அது. யாரும் அதற்காக அடித்துக்கொள்ளவில்லை; விளம்பரமும் இல்லை. சோதித்துப் பார்த்தமையாலன்றோ அதன் மதிப்பு தெரிந்தது!

மாமாவின் ஆறு குப்பிகள்

2021 மே மாதம். இரண்டாம் அலை. என் மாமாவுக்கே நோய் கண்டது. மலையிலிருந்து கீழே கொண்டுவந்து ஒரு தனியார் மருத்துவமனையிற் சேர்த்தோம். பெயர் வேண்டா. சேர்த்த மறுநாளே, “ரெம்டெசிவிர் ஆறு குப்பி கொண்டு வாருங்கள், இங்கே இருப்பு இல்லை” என்றார்கள்.

அந்நாளில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அம்மருந்துக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்றுமதியை அரசு ஏப்பிரலிலேயே தடை செய்திருந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. எங்கள் வீட்டில் கறவை மாடு ஒன்றும் அத்தையின் வளையல்களும் விலையாயின. எவரிடமோ, எந்த விலைக்கோ வாங்கினோம். அது உண்மை மருந்துதானா என்று பார்க்கும் அறிவும் அன்று எனக்கில்லை; பொழுதும் இல்லை.

மாமா ஒரு தாளிற் கையெழுத்திட்டார். அது ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. அவர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். “என்ன எழுதியிருக்கு மாப்ளே?” என்று கேட்டார். மருந்தினால் தீங்கு நேரின் அதற்கு உடன்படுவதாக எழுதியிருந்தது. “ஒன்றுமில்லை மாமா, போடுங்க” என்றேன். அப்படிச் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

மாமா பிழைத்தார். மருந்தினாற் பிழைத்தாரா, மருந்தின்றியும் பிழைத்திருப்பாரா? அவர் ஒருவரைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ரெம்டெசிவிர் முன்பு காங்கோ நாட்டில் எபோலா நோய்க்குச் சோதிக்கப்பட்டு, பிற மருந்துகளுக்குப் பின்தங்கிய ஒன்று. கொரோனாவில், உலகச் சுகாதார நிறுவனம் 30 நாடுகளில் 405 மருத்துவமனைகளில் 11,330 பேரிடம் நான்கு மருந்துகளைச் சோதித்த முடிவு 2020இலேயே வெளிவந்திருந்தது. நம் நாடும் அதிற் பங்குகொண்டது. மருத்துவமனையிற் கிடப்போரின் சாவைக் குறைப்பதில் ரெம்டெசிவிர் உட்பட நான்கும் பெரும்பயன் தரவில்லை. 2022இல் வந்த முழு முடிவும், மூச்சுக் கருவிக்குப் போகாத நோயாளிகளிடம் சிறு பயன் உண்டு என்றே கூறிற்று. ஆனால் நோய் கண்ட முதல் வாரத்திலேயே மூன்று நாள் கொடுத்த மற்றொரு சோதனையில், மருத்துவமனைக்குப் போகும் நிலை நூற்றுக்கு 87 பங்கு குறைந்தது. மருந்து ஒன்றே, கொடுத்த நாள் வேறு. வைரஸ் பெருகி முடிந்தபின் ஏடெழுதுவோனை ஏமாற்றி என்ன பயன்? அறுவடை முடிந்த வயலுக்கு வேலி போடுவது போன்றதே அது.

லோபினாவிரின் துணைவனாகிய ரிட்டோனாவிரும் பின்னர் வேறு வகையில் வென்றது. கொரோனாவின் கத்தரிக்கென்றே அளவெடுத்துச் செய்த நிர்மட்ரெல்விர் என்னும் புதிய மருந்துக்குத் துணையாக அதனைச் சேர்த்தார்கள். நோய் முற்றும் அபாயமுள்ளவருக்கு மூன்று நாளுக்குள் கொடுத்தபோது, மருத்துவமனைச் சேர்க்கையும் சாவும் நூற்றுக்கு 89 பங்கு குறைந்தன. பழையதும் புதியதும் கைகோத்த வெற்றி அது.

இனி நிபா

இப்பொழுது மலையிலிருந்து இறங்கி மண்ணார்க்காட்டுக்கு வருவோம். அட்டப்பாடிக்கும் அதன் வழியே ஆனைகட்டி, கோயமுத்தூருக்கும் செல்லும் சாலையின் வாயில் அது. 2025 மே முதல் ஜூலை வரை மலப்புறம், பாலக்காடு ஆகிய இரு மாவட்டங்களில் நால்வருக்கு நிபா கண்டது. இருவர் இறந்தனர். வாளையாறு முதலிய எல்லைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். என் அம்மா கேட்ட கேள்விக்கு இதுவே பின்னணி.

இந்நோய் 1998இல் மலேசியாவிற் பன்றி வளர்ப்போரிடம் தோன்றி, அங்குள்ள சுங்கை நிபா என்னும் சிற்றூரின் பெயரைப் பெற்றது. பழந்தின்னி வௌவாலே இவ்வைரஸின் உறைவிடம். கண்டவருள் நூற்றுக்கு 40 முதல் 75 பேர்வரை இறக்கின்றனர். 2001இல் சிலிகுரியில் நம் நாட்டில் முதன்முதல் தோன்றியது. 2018 மே மாதத்திற் கோழிக்கோட்டுக்கு வந்தது. அப்பொழுது உறுதி செய்யப்பட்ட 18 நோயாளிகளுள் இருவரே பிழைத்தனர். பேராம்பிரை மருத்துவமனையில் நோயாளியைப் பேணிய செவிலி லினி, மே 21இல் தாமே அந்நோய்க்கு இரையானார். 2019இல் எறணாகுளத்தில் ஒரு மாணவருக்குக் கண்டது, அவர் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையிற் படித்தவர், பிழைத்துவிட்டார்.

2018இல் கோழிக்கோட்டு நோயாளிகளுக்கு ரிபாவிரின் கொடுத்தார்கள். ஏன் அம்மருந்து? மலேசியாவில் 140 பேருக்கு அதனைக் கொடுத்ததில் 45 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 32. மருந்து பெறாத 54 பேரில் 29 பேர் இறந்தனர்; அதாவது நூற்றுக்கு 54. எவ்வளவு பெரிய வேற்றுமை! மருந்தென்று கொண்டாடலாமே என்று தோன்றும்.

சற்றுப் பொறுங்கள். மருந்து பெறாத அந்த 54 பேர் யார்? மருந்து வந்து சேர்வதற்கு முன்னரே நோயுற்றவர்களும், மருந்தை வேண்டாவென்று மறுத்தவர்களும் ஆவர். திருவுளச் சீட்டுப் போட்டுப் பிரித்தவர்கள் அல்லர். நோய் தோன்றிய முதல் நாட்களில் அது இன்னதென்றே மருத்துவர்க்குத் தெரியாது. பின்னால் வந்தவர்களுக்கு நோயறிந்து பேணும் செவிலியர் இருந்தனர். பிழைத்தது மருந்தாலா, பேணுதலாலா? பிரித்துச் சொல்ல முடியாது. பிற்காலத்தில் வெள்ளெலி முதலிய விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில், ரிபாவிரின் சாவைச் சில நாள் தள்ளிப் போட்டதேயன்றித் தடுக்கவில்லை. அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதும், கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்வதும் முன்பே தெரிந்த தீங்குகள்.

ரெம்டெசிவிருக்கு நம்பிக்கை சற்று மிகுதி. 2019இல் வெளியான ஆராய்ச்சியில், நிபா வைரஸ் செலுத்தப்பட்ட எட்டுக் குரங்குகளுள் நான்குக்கு அம்மருந்தைக் கொடுத்தார்கள். நான்கும் பிழைத்தன. கொடுக்காத நான்கும் மாண்டன. ஆனால் வைரஸ் செலுத்திய 24 மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்கினார்கள். மனிதனுக்கோ வைரஸ் புகுந்து 4 முதல் 14 நாள் கழித்தே காய்ச்சல் வருகிறது. அதன் பிறகே மருத்துவமனைக்கு வருகிறான். அதற்குள் நோய் மூளையை எட்டியிருக்கவும் கூடும்.

ஆஸ்திரேலியாவில் குதிரைகளிடமிருந்து பரவும் ஹெண்ட்ரா வைரஸ், நிபாவின் நெருங்கிய உறவு. அதனை எதிர்க்கச் செய்த எதிர்ப்புப் புரத மருந்து ஒன்று 2018இல் கேரளத்துக்கு அனுப்பப்பட்டது. அது வந்து சேர்வதற்குள் நோய் அடங்கிவிட்டது.

எதனால் அடங்கியது? நோயாளிகளைத் தனியே வைத்தார்கள். அவர்களோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்காணித்தார்கள். செவிலியர்க்குக் கவச உடை தந்தார்கள். மாத்திரையால் அடங்கியதன்று, மனிதர் உழைப்பால் அடங்கியது.

அம்மாவுக்கு எழுதிய விடை

இவ்வளவும் படித்தபின் என் அம்மாவுக்கு இவ்வாறு எழுதினேன்: “அம்மா, மருந்து என்று சொல்லிக் கொடுக்கப்படுபவை சில உண்டு. அவை வேறு நோய்க்குப் பிறந்தவை. நிபாவைக் குணப்படுத்தும் என்று இன்னும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. வேறு வழியில்லாதபோது மருத்துவர் அவற்றைக் கொடுப்பது தவறன்று. ஆனால் நாமே தேடி வாங்கி வீட்டில் வைப்பது பெருந்தவறு. வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள். தோப்பிற் கலயத்தை மூடிக் கட்டச் சொல்லுங்கள். வங்காளதேசத்தில் வௌவால் வாய் வைத்த ஈச்சம்பதநீரால்தான் நோய் பரவுகிறது. காய்ச்சலோடு பேச்சு தடுமாறினால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், யார் யாரோடு பழகினீர்கள் என்பதை ஒளிக்காமற் சொல்லுங்கள். முந்தி வருபவர்க்கே எந்த மருந்தும் உதவக் கூடும்.”

நம் கடமை

நிபாவில் ஒரு பெருஞ்சிக்கல் இருக்கிறது. நோய் வரும்போது நால்வருக்கோ பதினெண்மருக்கோ வருகிறது. சில வாரங்களில் மறைகிறது. ‘ரெக்கவரி’ போல் ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் கையில் அகப்பட்ட மருந்தைக் கொடுப்போம். பிழைத்தால் மருந்து என்போம். இறந்தால் விதி என்போம். பத்து முறை நோய் வந்து போனாலும் ஒன்றும் கற்றிருக்க மாட்டோம்.

இதற்கு மாற்று, நோய் வருமுன்பே சோதனைத் திட்டத்தை எழுதி வைப்பது. எந்த மருந்து, எந்த நாளில், யாருக்கு, எப்படிக் கணக்கிடுவது என்று கேரளமும் வங்காளமும் வங்காளதேசமும் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டால், இங்கே நால்வர், அங்கே ஐவர் என்று சேர்ந்து சில ஆண்டுகளில் ஒரு விடை கிடைக்கும். மழை வருமுன் வாய்க்கால் வெட்டுவது போன்றது இது.

அத்திட்டத்தில் ஒரு தாள் இருக்கும். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் இசைவுத் தாள். “இம்மருந்து வேறு நோய்க்கு உரியது, இதனால் இன்ன நன்மை வரலாம், இன்ன தீங்கு வரலாம், வேண்டாவென்று சொல்ல உமக்கு உரிமை உண்டு” என்று அதில் எழுதியிருக்கும். மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும், கொழிஞ்சாம்பாறையிலும் அட்டப்பாடியின் எல்லையிலும் வாழும் ஒருவர் அதனைத் தம் மொழியிற் படித்தறிய வேண்டுமல்லவா? படித்துப் புரியாமல் இடும் கையெழுத்து இசைவாகுமா?

மன்றத் தோழர்களே! நம்முள் மருத்துவம் பயில்வோர் இருக்கின்றனர். மருந்தியல் பயில்வோர் இருக்கின்றனர். தமிழ் பயில்வோரும் இருக்கின்றனர். மூவரும் ஒரு மேசையிற் கூடி, ஐந்தாம் வகுப்புவரை படித்த ஒரு தோட்டத் தொழிலாளி ஒருமுறை வாசித்த உடனே புரிந்துகொள்ளும் தமிழில் அத்தகைய தாள் ஒன்றை எழுதிப் பார்ப்போமே. அடுத்த திங்கள் முதற் கூட்டத்திற்கு நான் ஒரு வரைவு கொண்டு வருகிறேன். அதனைத் திருத்த நீங்கள் வாருங்கள்.

முதற்படியை மாமாவிடம் காட்டுவதாக இருக்கிறேன். அவர் வாசித்துவிட்டு, “என்ன எழுதியிருக்கு மாப்ளே?” என்று கேட்டால், அது இன்னும் தேறவில்லை என்று பொருள்.